குழந்தை பிறந்ததோடு முடிந்துவிடும் பாடம்

மேல்நிலை இரண்டாம் ஆண்டு விலங்கியல் நூலில் மகப்பேறு பற்றிய பகுதி மிகச் சிறியது. 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய பாடத்திட்ட நூலைச் சொல்கிறேன். முழுவளர்ச்சி பெற்ற கருவும் நஞ்சுக்கொடியும் முதற் சைகையைத் தருகின்றன, கருப்பை மெல்லச் சுருங்கத் தொடங்குகிறது, தாயின் பின் பிட்யூட்டரியிலிருந்து ஆக்சிடோசின் மிகுதியாகச் சுரக்கிறது, சுருக்கங்கள் வலுக்கின்றன, ரிலாக்சின் என்னும் ஹார்மோன் இடுப்பு மூட்டுகளை நெகிழச் செய்கிறது, பனிக்குடம் உடைகிறது, குழந்தை வெளிவருகிறது, நஞ்சும் வெளிவருகிறது. அடுத்து, பாலூட்டல். இவ்வளவுதான் பாடம். தேர்வுக்கு இது போதும். “கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஹார்மோன் எது?” என்ற வினாவுக்கு “ஆக்சிடோசின்” என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

விலங்கியல் நூலைக் குறைகூற இயற்பியல் ஆசிரியருக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். தசை சுருங்குவது என்றால் விசை. விசை என்றால் அழுத்தம். அதைத் தூண்டுவது மின்னழுத்த மாறுபாடு. ஆகவே பாதிப் பாடம் எங்களுடையதே. மேலும், நாகரசம்பட்டியில் மாலை வேளைகளில் இயற்பியலில் ஐயம் கேட்க வரும் பிளஸ் டூ மாணவிகள் விலங்கியல் நூலையும் கையோடு கொண்டு வருகிறார்கள். கேட்பவர்களுக்கு ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும்!

முதலில் பாராட்டவேண்டியதைப் பாராட்டிவிடுவோம். பிறக்கும் வேளையைத் தீர்மானிப்பதில் தாயைப் போலவே கருவுக்கும் பங்குண்டு என்பதை நூல் முதலிலேயே சொல்லிவிடுகிறது. இது எளிதில் கிடைத்த அறிவன்று. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர் 1960-களில் செம்மறியாடுகளை ஆராய்ந்தார். கருவிலிருக்கும் குட்டியின் பிட்யூட்டரியை அழித்துவிட்டால், உரிய நாள் கடந்தும் தாய் ஆடு ஈனவில்லை. மாறாக, குட்டிக்குக் கார்டிசோல் ஹார்மோனைச் செலுத்தினால் நாளுக்கு முன்பே ஈன்றது. குட்டிதான் மணியடிக்கிறது என்பது அப்போது தெளிவாயிற்று. அதுபோலவே, கர்ப்ப காலத்தில் அவ்வப்போது வந்துபோகும் பொய்வலியையும் நூல் குறிப்பிடுகிறது. 1872-இல் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் எழுதிவைத்த இதைத்தான் நம் பாட்டிமார் ‘சூட்டு வலி’ என்று சொல்லிச் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பார்கள். கஷாயத்துக்கு அடங்கினால் சூட்டு வலி. அடங்காவிட்டால் வண்டியைப் பூட்டு! கஷாயம் வலியை நிறுத்துகிறதா என்பது வேறு கேள்வி. ஆனால் கருப்பை மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கிறது என்பதைக் கவனித்திருந்தார்கள்.

இனிக் குறைக்கு வருவோம். பாடத்தைப் படிக்கும் மாணவர் மனத்தில் பதியும் படம் இதுதான்: ஆக்சிடோசின் ஒரு சுவிட்சு, கருப்பை ஒரு மின்விளக்கு. தட்டினால் எரியும். இந்தப் படம் உருவானதற்குக் காரணம் உண்டு. 1906-ஆம் ஆண்டில் ஹென்றி டேல் என்னும் ஆங்கில அறிஞர், பிட்யூட்டரிச் சாறு பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். 1909-இல் பிளேர் பெல் அதைப் பேறுகால மருத்துவத்தில் பயன்படுத்தினார். 1953-இல் அமெரிக்காவில் டு விக்னோ என்ற வேதியியலார் அது ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன சிறு மூலக்கூறு என்று கண்டறிந்து, ஆய்வகத்திலேயே செய்தும் காட்டினார். 1955-இல் நோபல் பரிசு பெற்றார். ஆக்சிடோசின் என்ற கிரேக்கப் பெயருக்கே ‘விரைந்த பேறு’ என்பது பொருள். பெயரே தொழிலைச் சொல்லிவிட்டதால், மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்கவில்லை போலும்.

ஆனால் 1996-ஆம் ஆண்டில் ஒரு வியப்பான செய்தி வந்தது. ஆக்சிடோசினை உண்டாக்கும் மரபணுவையே நீக்கிய எலிகளை ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். அந்தப் பெண் எலிகள் கருவுற்றன. உரிய நாளில் இயல்பாகவே ஈன்றன! ஆனால் குட்டிகள் முலையைச் சப்பியும் பால் இறங்கவில்லை. தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி போட்ட பிறகே பால் இறங்கியது. எலியின் பேற்றுக்கு இன்றியமையாதது என்று நாம் எண்ணியது, உண்மையில் பால் இறங்குவதற்கே இன்றியமையாததாக இருந்தது. மனிதர் எலியல்லர் என்பது சரி. ஆயினும் ‘ஒரு ஹார்மோன், ஒரு வேலை’ என்ற சுவிட்சுப் படம் போதாது என்பதற்கு இது ஒன்றே சான்றாகும்.

அப்படியானால் என்னதான் மாறுகிறது? பெரும்பாலும் மாறுவது கருப்பைதான். அதன் தசைச் செல்களில் ஆக்சிடோசினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் என்னும் புரதங்கள் உள்ளன. கருவுறாத கருப்பையோடு ஒப்பிட்டால், நிறைமாதத்தில் இவை நூறு மடங்கு அளவில் பெருகிவிடுகின்றன. குருதியில் ஹார்மோனின் அளவு அதிகம் மாறாமலே, முன்பு செவிடாயிருந்த தசை இப்போது முணுமுணுப்பைக் கூடக் கேட்கிறது. இதே காலத்தில், செல்லுக்கும் செல்லுக்கும் இடையே மின்னோட்டம் பாய்வதற்கான நுண்ணிய பாலங்கள் பெருகுகின்றன. இதயத்தில் இருப்பது போன்ற தனியொரு துடிப்பு முடுக்கி கருப்பையில் இருப்பதாகத் தெரியவில்லை. பாலங்கள் இல்லாதவரை ஆங்காங்கே சில செல்கள் தனித்தனியே சுருங்கும். அதுவே சூட்டு வலி. பாலங்கள் அமைந்தபின் கோடிக்கணக்கான செல்கள் ஒரே அலையாகச் சுருங்கும், அது மெய்வலி. செல்லுக்குள் கால்சியம் அயனிகள் பாய்வதே ஒவ்வோர் அலைக்கும் உந்துதல். கருப்பைவாயை மென்மையாக்குவதும் தசையைத் தூண்டுவதும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேறொரு குழுவின் வேலை.

புரோஜெஸ்டிரான் பற்றியும் ஒரு சொல். ‘கர்ப்பத்தைக் காக்கும் புரோஜெஸ்டிரான் குறைந்ததும் வலி தொடங்குகிறது’ என்று பல கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இது உண்மை. மனிதத் தாயின் குருதியிலோ, நஞ்சு வெளியேறும்வரை புரோஜெஸ்டிரான் குறிப்பிடத்தக்க அளவு குறைவதில்லை. அளவு குறையாமலே அதன் பிடி தளர்கிறது. தசை அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. மாட்டுக்குரிய விடையை மனிதருக்கு எழுதுவது மக்கள் அறிவியல் எழுத்தில் அடிக்கடி நேரும் பிழை. மாடு இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

சுவிட்சு உவமைக்குப் பதிலாக நான் மாணவிகளுக்குச் சொல்வது திருவிழா ஒலிபெருக்கி. மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் பிடித்தால் ‘கூ’வென்று ஊளையிடும் அல்லவா? சிறு ஒலி மைக்கில் நுழைந்து, பெருகி வெளிவந்து, மீண்டும் மைக்கில் நுழைகிறது. பேறுகாலத்திலும் இதே சுழற்சிதான். குழந்தையின் தலை கருப்பைவாயை விரிக்கிறது, விரிவு நரம்பு வழியே மூளைக்குச் செல்கிறது, ஆக்சிடோசின் வெளிப்படுகிறது, சுருக்கம் வலுத்துத் தலை மேலும் இறங்குகிறது. 1941-இல் முயல்களைக் கொண்டு பெர்குசன் விளக்கியது இது. குழந்தை வெளிவந்ததும் மைக்கை நகர்த்தியதுபோல் அந்தச் சுற்று அறுபடுகிறது.

இதில் எண்களையும் போட்டுப் பார்க்கலாம். வலி உச்சத்திலிருக்கும்போது கருப்பைக்குள் அழுத்தம் 60 பாதரச மில்லிமீட்டர் அளவுக்கு ஏறுகிறது. அதாவது சுமார் 8000 பாஸ்கல். குழந்தையின் தலையை 9.5 செ.மீ. விட்டமுள்ள வட்டம் என்று கொண்டால் பரப்பு 71 சதுர செ.மீ. பெருக்கினால் 57 நியூட்டன். ஏறத்தாழ 6 கிலோ எடை தள்ளும் விசை. தாய் மூச்சை அடக்கி முக்கும்போது இது ஏறக்குறைய இரு மடங்காகும். தாய் தரும் ஒவ்வொரு முக்கலும் எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை இந்த எண் சொல்கிறது.

ஆனால் இதைவிட முக்கியமானது வலிகளுக்கு இடைப்பட்ட ஓய்வு. கருப்பை இறுகும்போது அதன் சுவரினூடே செல்லும் குருதிக் குழாய்களும் நெரிபடுகின்றன. குழந்தைக்குரிய ஆக்சிஜன் ஓய்வு நேரத்தில்தான் தடையின்றிச் செல்கிறது. சுவிட்சுப் படத்தில் இந்த ஓய்வுக்கு இடமே இல்லை. அதனால்தான் ‘ஒரு ஊசி போட்டால் சீக்கிரம் பிறந்துவிடுமே’ என்ற எண்ணம் எளிதாக வந்துவிடுகிறது. குழந்தை பிறப்பதற்கு முன், அளவைக் கட்டுப்படுத்த இயலாத முறையில் தசையில் ஆக்சிடோசின் ஊசி போடும் வழக்கம் வட இந்தியச் சிற்றூர்களில் ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. ஓய்வில்லாத கருப்பையில் குழந்தை மூச்சுத் திணறும். சில வேளை கருப்பையே கிழியும். மருத்துவமனையில் தேவைப்படும்போது சொட்டுச் சொட்டாக, குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பாடத்தை உலகம் முன்பே ஒருமுறை விலைகொடுத்துக் கற்றது. கம்புபோன்ற ‘ரை’ என்னும் தானியத்தில் வளரும் எர்காட் பூஞ்சைக்குக் கருப்பையைச் சுருக்கும் ஆற்றல் உண்டு. 1808-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டெர்ன்ஸ், பேற்றை விரைவுபடுத்தும் தூளாக அதைப் பரிந்துரைத்தார். பரவலாகப் பயன்பட்டது. 1822-இல் நியூயார்க் மருத்துவர் ஹோசாக், இது பிள்ளைப்பேற்றுத் தூள் அன்று, சாவுத் தூள் என்று எச்சரித்தார். அவ்வளவு குழந்தைகள் இறந்தே பிறந்திருந்தன. பேற்றுக்கு முன்பு கொடுக்காதீர்கள், பேற்றுக்குப் பின்னர் குருதிப்போக்கை நிறுத்த மட்டும் கொடுங்கள் என்றார் அவர். ஒரே சுருக்கம், பேற்றுக்கு முன் ஆபத்து, பேற்றுக்குப் பின் காவல்!

நம் பாடநூலின் பெருங்குறை இந்தப் ‘பின்’ என்பதில்தான் இருக்கிறது. குழந்தை பிறந்தது, நஞ்சு விழுந்தது, பாடம் முடிந்தது. தாய்க்கு மிகவும் தேவைப்படும் சுருக்கம் அப்போதுதான் தொடங்குகிறது என்று நூல் சொல்லவில்லை.

எண்ணிப் பாருங்கள். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லிலிட்டர் வரை குருதி பாய்கிறது. உடலிலுள்ள மொத்தக் குருதியோ ஐந்து லிட்டர் அளவுதான். நஞ்சு பிரிந்த இடத்தில் குழாய்கள் வாய்திறந்து நிற்கின்றன. உடலின் வேறெந்தப் பகுதியிலாவது இப்படி நேர்ந்தால் குருதி உறைந்துதான் அடைபடவேண்டும். கருப்பையில் ஏற்பாடே வேறு. அதன் தசை நார்கள் குருதிக் குழாய்களைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கின்றன. தசை இறுகியதும் ஒவ்வொரு குழாயும் நூலால் கட்டியதுபோல் நெரிக்கப்படுகிறது. உயிருள்ள முடிச்சுகள் என்று மகப்பேற்று நூல்கள் இவற்றை வருணிப்பதுண்டு. கருப்பை இறுகாமல் தளர்ந்து கிடந்தால் முடிச்சு விழாது. சில நிமிடங்களில் நிலைமை கைமீறிவிடும். பேறுகாலச் சாவுகளுக்கு உலகெங்கும் முதன்மைக் காரணம் இந்தக் குருதிப்போக்கே. 2018–20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். கர்நாடகத்தில் 69, தமிழ்நாட்டில் 54. குருதிப்போக்கைத் தடுக்க, குழந்தை பிறந்தவுடன் தாய்க்குப் 10 யூனிட் ஆக்சிடோசின் கொடுக்கவேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஆக்சிடோசினின் மிகப்பெரிய பயன் இதுவே. பாடத்தில் இது ஒரு வரி கூட இல்லை.

ஒரு வரி இல்லாததால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு 2018-ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறேன்.

ஆக்சிடோசின் என்ற சொல் நம் பகுதி மக்களுக்கு அறிமுகமானது மகப்பேற்று அறையிலிருந்து அன்று, மாட்டுத் தொழுவத்திலிருந்து. பசுவின் ஆக்சிடோசினும் பெண்ணின் ஆக்சிடோசினும் அணுவுக்கு அணு ஒன்றே. கன்று முட்டிச் சப்பும்போது பசுவின் மூளையிலிருந்து அது வெளிப்பட்டு, மடியின் பால் பைகளைச் சுற்றியுள்ள செல்களைச் சுருங்கச் செய்கிறது, பால் இறங்குகிறது. கன்று இறந்த பசு பாலை அடக்கிக்கொள்ளும். அப்போது சிலர் ஊசியை எடுக்கிறார்கள். மாட்டுக்கு இது துன்பம், சட்டப்படியும் குற்றம். இதைத் தடுக்கவேண்டும் என்பதில் இரு கருத்தில்லை.

ஆனால் நடந்தது என்ன? 2018 ஏப்ரலில் மத்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. உள்நாட்டுத் தேவைக்கான ஆக்சிடோசினைத் தனியார் நிறுவனங்கள் தயாரிக்கக்கூடாது. பெங்களூரிலுள்ள கர்நாடக ஆன்டிபயாடிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் மட்டுமே தயாரிக்கலாம் என்றது. ஓசூர் எல்லையைத் தாண்டினால் வந்துவிடும் ஊர்தான். அங்குள்ள ஒரே நிறுவனத்தை நம்பி நாடு முழுவதிலும் உள்ள தாய்மார்கள் இருக்கவேண்டிய நிலை! மகப்பேற்று மருத்துவர்கள் பதறினார்கள். வழக்குத் தொடரப்பட்டது. 2018 டிசம்பர் 14 அன்று டில்லி உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நியாயமற்றது எனத் தள்ளுபடி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2019-இல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

அந்த மாதங்களில் பொதுமக்கள் பேச்சில் அடிபட்டது எது தெரியுமா? ஊசி போட்டுக் கறந்த பாலைக் குடித்தால் சிறுமிகள் முன்கூட்டியே பூப்பெய்துகிறார்கள் என்ற செய்தி. ஆக்சிடோசின் ஒரு சிறு புரதத் துண்டு. வயிற்றில் விழுந்தால் பருப்பும் முட்டையும் செரிப்பதுபோல் செரித்துப்போகும். அதனால்தான் அதை மாத்திரையாகத் தரமுடியாமல் ஊசியாகத் தருகிறார்கள். பருவமடைதலை நடத்தும் ஹார்மோன்களும் இதுவல்ல. ஒன்பது அமினோ அமிலம் என்பதை மனப்பாடம் செய்த மாணவரால் இதை உய்த்துணர முடியவில்லை என்றால், குறை மாணவரிடம் இல்லை. இதே மருந்துதான் பிள்ளைபெற்ற பெண்ணின் உயிரைப் பிடித்து வைக்கிறது என்பது பாடத்தில் இருந்திருந்தால், ‘தடை செய்தால் தாய்மார்களுக்கு என்ன வழி?’ என்று பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இது முற்றிலும் எங்கள் துறை. ஆக்சிடோசின் ஊசிமருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைக்கவேண்டும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேதிவினை வேகம் சுமார் இரு மடங்காகும் என்ற தோராய விதியை வேதியியலில் படித்திருப்பீர்கள். 4 டிகிரியில் இருக்கவேண்டிய மருந்து 34 டிகிரியில் கிடந்தால், சிதைவு வேகம் எட்டு மடங்கு. மாங்காய் லாரிகள் ஓடும் மே மாதத்தில் எங்கள் பக்கத்து வெயிலை அறிந்தவர்கள் 34 டிகிரியைக் குளிர் என்பார்கள்! இதில் கொடுமை என்னவென்றால், சிதைந்த மருந்து கண்ணுக்குத் தெரியாது. பால் கெட்டால் திரியும், நாறும். இந்த மருந்து கெட்டாலும் தெளிந்த நீர் போலவே இருக்கும். ஊசி போடும் செவிலியருக்கு, கருப்பை இறுகாதபோதுதான் ஐயம் வரும். பாலைக் கெடாமல் காக்க ஊர்தோறும் குளிரூட்டும் நிலையம் வைத்திருக்கும் நாம், இந்தச் சிறு கண்ணாடிக் குப்பிக்கும் அதே அக்கறை தேவை என்பதை எங்கே கற்பிக்கிறோம்?

அறிவியல் இதற்கும் வழி தேடியிருக்கிறது. புரோஸ்டாகிளாண்டினைப் போன்று செய்யப்பட்ட மிசோபிராஸ்டால் மாத்திரைக்குக் குளிர்பெட்டி தேவையில்லை. கர்நாடகத்தின் பெல்காம் பகுதிச் சிற்றூர்களில் 1620 பெண்களிடம் நடந்த ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 12 விழுக்காட்டினருக்கு மிகைக் குருதிப்போக்கு ஏற்பட்டது. மிசோபிராஸ்டால் பெற்றவர்களில் 6.4 விழுக்காடு. ஏறத்தாழப் பாதி! ஆக்சிடோசின் ஊசி கிடைக்காத இடத்தில் இது கைகொடுக்கும். 2018-இல் இந்தியா உள்ளிட்ட பத்து நாடுகளில் சுமார் 30,000 பெண்களிடம் நடந்த மற்றோர் ஆய்வு, வெப்பத்தைத் தாங்கும் கார்பெடோசின் என்ற மருந்து இந்தக் காவல் பணியில் ஆக்சிடோசினுக்கு இளைத்ததன்று எனக் காட்டியது. ஆக்சிடோசின் மூலக்கூறில் சில மாறுதல் செய்து உருவாக்கிய இது, 30 டிகிரியில் மூன்றாண்டுகள் வரை கெடுவதில்லை. பேற்றுக்கு முன் வலியைத் தூண்டுவதற்கு மட்டும் இதைப் பயன்படுத்தக்கூடாது. உடலில் நெடுநேரம் நின்றுவிடும்.

பாடநூலைத் திருத்தி எழுதும் குழுவினர் இதையெல்லாம் சேர்த்தால் பக்கம் பெருகும் என்பார்கள். பெருகவேண்டியதில்லை. ரிலாக்சினுக்குக் கொடுத்திருக்கும் இடத்தில் பாதியைக் குறைக்கலாம். மனிதப் பேற்றில் அதன் பங்கு பன்றியிலும் எலியிலும் இருப்பது போல அவ்வளவு உறுதியானதன்று. நஞ்சு வெளியேறிய பின், கருப்பை இறுகுவதே குருதிக் குழாய்களை அடைக்கிறது என்று ஒரு வாக்கியம். அது இறுகாவிட்டால் நேரும் குருதிப்போக்கு தாயின் உயிருக்கே ஆபத்து என்றும், ஆக்சிடோசின் அதைத் தடுக்கும் என்றும் இன்னொரு வாக்கியம். பாலூட்டும் பகுதியில், குழந்தை பால் குடிக்கும்போது தாயின் அடிவயிறு இழுத்துப் பிடிப்பது ஏன் என்று ஒரு வினா. பிள்ளை பெற்ற எந்த அம்மாவைக் கேட்டாலும் இந்த வலியைச் சொல்வார். மாணவிகள் வீட்டிலேயே கேட்டறிந்து விடை எழுதலாம்.